எந்திரத்துக்கு வைக்கும் பொட்டு: ஓசூர் எல்லையில் அன்றாட வழிபாடு

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இன்று நம் பயணம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பின்னால் விட்டு, மாந்தோப்புகளையும் சூளகிரிப் பாறைக் குன்றுகளையும் தாண்டினால் காற்றில் சூடு குறைந்துவிடும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். அங்கிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். ஜுஜுவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, கர்நாடக மண். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பல பள்ளி என்றும் சந்திரம் என்றும் முடியும். ஒரே டவுன் பஸ்ஸில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மானாவாரிக் காட்டில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. அசோக் லேலண்ட் லாரிகளும் டைட்டன் கைக்கடிகாரங்களும் அதே பத்தாண்டில் இந்த ஊரின் பெயரைச் சுமந்து வெளியே போயின. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. இன்று சூரியன் எழுவதும் விழுவதும் இங்கே ஷிப்ட் மாறும் நேரங்கள்.

இப்படிப்பட்ட ஊரில் சாமி எங்கே இருக்கிறார் என்று கேட்டால், எல்லோரும் கை நீட்டிக் காட்டுவது சந்திரசூடேஸ்வரர் மலையைத்தான். ஊருக்கு நடுவே எழும் அந்தக் குன்றில் மரகதாம்பாளோடு வீற்றிருக்கிறார் சிவன். பங்குனித் தேரோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து மட்டுமல்லாமல் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கூட்டம் வரும். மலையின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை வடம் பிடிக்கிற கைகள் மீதி நாட்களில் எதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றன என்று பார்த்தால்தான் இந்த நிலத்தின் பக்தி புரியும். தொழிற்சாலை வந்தால் சாமியும் சடங்கும் மெல்ல விலகிவிடும் என்று படித்தவர்கள் பலர் ஒரு காலத்தில் நம்பினார்கள். ஓசூரில் அப்படி நடக்கவில்லை. அதற்கு மக்களின் அறியாமையைக் காரணமாகச் சொல்வது எளிது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பிழைப்பும் ஆபத்தும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் இந்தப் பக்கத்து மக்கள் எப்போதும் சாமியை வைத்திருக்கிறார்கள். அந்த இடம் வயலிலிருந்தும் மேய்ச்சல் காட்டிலிருந்தும் பட்டறைக்கும் நெடுஞ்சாலைக்கும் நகர்ந்தபோது வழிபாடும் கூடவே நகர்ந்தது. இன்றைய உரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதல் சான்று கல்லில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பெயர் பெற்றவை. ஆநிரை கவர வந்தவர்களோடு மோதியும், ஊரைக் காக்கப் போரிட்டும், காட்டு விலங்கை எதிர்த்தும் செத்தவனுக்கு நட்ட கற்கள் இவை. ஒரு கையில் வில், இன்னொன்றில் வாள், காலருகே மாடு என்று செதுக்கியிருப்பார்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இவற்றை வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் பல கற்கள் அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என்ற பெயரில் அவை இன்றும் பொங்கலும் பூவும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. கல்வெட்டு எழுத்து யாருக்கும் படிக்கத் தெரியாமல் போனாலும், அந்தப் பக்கம் மாடு ஓட்டிப் போகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறான். மாடுதான் சொத்து என்றிருந்த காலத்தில் மாட்டுக்காக உயிர் விட்டவன் தெய்வமானான். அம்மை கண்டபோதும் மழை பொய்த்தபோதும் மாரியம்மன் வந்தாள். கோடையில் திரௌபதியம்மன் கோயில்களில் இரவெல்லாம் பாரதக்கூத்து நடத்தி, மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் போட்டு, தீ மிதித்து முடிக்கிறார்கள். ஊர் தாங்கக்கூடிய மிகப் பெரிய அழிவை ஒரு முறை கண்ணால் பார்த்துக் கடந்துவிடுவது அது. இந்தத் தெய்வங்களில் யாரும் பிழைப்புக்கு வெளியே, எட்டாத இடத்தில் நிற்கவில்லை.

கல்லுக்கு அடுத்தது இரும்பு. பர்கூருக்கு அருகே மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டதை 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். அந்த இரும்பிலிருந்து இன்றைய ஆயுத பூஜை வரை நேராகக் கோடு போட்டுவிடச் சிலருக்கு ஆசை வரும். அது சான்று இல்லாத ஆசை. நடுவில் ஓடிய நாலாயிரம் ஆண்டுகளில் எத்தனையோ மக்கள் வந்திருக்கிறார்கள், எத்தனையோ வழக்கங்கள் அழிந்திருக்கின்றன. இந்த மண்ணில் இரும்பு வேலை மிகப் பழையது என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அன்றாடத்துக்கு வருவோம். விடியற்காலையில் ஓசூரின் எந்தத் தெருவில் நுழைந்தாலும் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்கும். தெலுங்கு, கன்னட வீடுகளில் நிலைப்படிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பூ வைப்பதும் அன்றாடக் கடமை. பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் அதைப் பார்த்துப் பழகி வெள்ளிக்கிழமைகளிலாவது செய்யத் தொடங்கிவிடும். உகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் கை மாறும், ஒப்பட்டு என்னும் போளி எல்லா வீட்டுக்கும் போகும். சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் வரும், பதிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் போகும். இதற்கெல்லாம் வேண்டிய பூ வெளியிலிருந்து வருவதில்லை. ஓசூர், தளி, கெலமங்கலம், ராயக்கோட்டைப் பக்கங்களில் பசுமைக்குடில்களில் ரோஜாவும் திறந்த வயல்களில் சாமந்தியும் செண்டுமல்லியும் விளைகின்றன. வெளிநாட்டுக் காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜா விமானம் ஏறுவது செய்தித்தாளில் வருகிறது. சாமந்தியின் வாழ்வோ பெரும்பாலும் சாமிகளை நம்பியது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பூச்சந்தையில் விலை ஏறுவதை வைத்துத்தான் பல விவசாயிகள் அந்த ஆண்டின் கடனைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

அடுத்தது சாலை. புது வண்டி எடுத்தவர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. கோயில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் முதல் அடி நகர்த்துவார். லாரிக்காரர்களுக்கு முனியப்பன் வேண்டும். எல்லையைக் காக்கிற சாமி என்பதால், ஊருக்கு வெளியே இருட்டில் தனியாக ஓட்டுகிறவனுக்கு அவரைவிட நெருக்கமானவர் இல்லை. மாநில எல்லையும் சரக்குப் போக்குவரத்தும் கூடக் கூட, ஒரு காலத்தில் கிராமத்துக் காவலாக இருந்த முனியப்பனுக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. எத்தனை பேரின் ரத்தத்தை இந்த நெடுஞ்சாலை பார்த்திருக்கிறது என்று இங்கே குடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இப்போது ஆயுத பூஜையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். பெரிய ஆலைகளைவிட, சிப்காட்டைச் சுற்றி உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளில்தான் இதன் முழு உருவம் தெரியும். முந்தின நாள் மதியத்தோடு உற்பத்தி நின்றுவிடும். லேத்துக்கு அடியில் மாதக்கணக்காகச் சேர்ந்த இரும்புச் சுருள்களை வாரி வெளியே கொட்டுவார்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார்கள். ஸ்பேனர், சுத்தியல், வெர்னியர் காலிப்பர் எல்லாம் ஒரு மேசையில் துணி விரித்து வரிசையாக அடுக்கப்படும். பவர் பிரஸ்ஸின் நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். பொட்டை வெளிக்கூட்டில்தான் வைப்பார்கள். அளவு பார்க்கும் பரப்பில் ஒரு துளி படவிட மாட்டார்கள், ஏனென்றால் அது கெட்டால் மறுநாள் வேலை கெடும் என்று வைக்கிறவருக்குத் தெரியும். வாசலில் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டுவார்கள். கடைசியில் பூசணிக்காயின் தலையில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி வாசலில் ஓங்கி உடைப்பார்கள். பொரி, கடலை, சுண்டல், ஒரு இனிப்புப் பொட்டலம், கொடுக்கிற முதலாளியாக இருந்தால் கையில் ஒரு தொகை. அதற்குப் பிறகு விஜயதசமி காலை வரை எந்திரத்தை யாரும் தொடமாட்டார்கள். இந்த நிறுத்தம்தான் முக்கியம் என்று நான் கருதுகிறேன். மணிக்கணக்கில் கூலியும் துண்டுக் கணக்கில் லாபமும் ஓடுகிற இடத்தில், ஓடாமல் இருப்பதைவிட விலை உயர்ந்த படையல் வேறு இல்லை.

கடல் கடந்து ஒரு ஊரோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அங்கே பெண்கள் நாள்தோறும் தென்னங்குருத்தில் சிறு தட்டு முடைந்து, பூவும் ஊதுவத்தியும் வைத்து, வாசலிலும் கடையிலும் படைக்கிறார்கள். 210 நாளுக்கு ஒரு முறை தும்பெக் லண்டெப் என்றொரு நாள் வரும். முன்பு அது குத்துவாளுக்கும் வேலுக்கும் உரிய நாள். இன்று அதே நாளில் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் ஓலைத் தோரணம் கட்டிப் படையல் வைக்கிறார்கள். ஓசூருக்கும் பாலிக்கும் இடையே யாரும் இதைச் சொல்லிக்கொடுத்துப் போகவில்லை. இரும்பால் பிழைக்கிற, இரும்பால் சாகவும் கூடிய மக்கள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். நிறுத்துவதிலும் ஒற்றுமை உண்டு. சக ஆண்டுப் பிறப்பான நியெபி நாளில் பாலி முழுவதும் விளக்கு ஏற்றாமல், வெளியே வராமல் அடங்கிவிடும், விமான நிலையத்தையே ஒரு நாள் மூடிவிடுவார்கள். 2023இல் மார்ச் 22 அன்று பாலியில் நியெபி, ஓசூர் வீடுகளில் உகாதி. இரண்டும் ஒரே சக ஆண்டுக் கணக்கின் கிளைகள். ஆனால் பாலியில் தீவு முழுவதற்கும் ஒரே கட்டளை. பல மதமும் பல மொழியும் கலந்த ஓசூரில் அப்படிக் கட்டளையிட முடியாது, இடவும் கூடாது. இங்கே ஒவ்வொரு பட்டறையும் தானாக நின்றுகொள்கிறது.

எந்திரத்துக்குப் பொட்டு வைப்பதை ஏற்காதவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் வலு உண்டு. 1968இல் அண்ணா ஆட்சியில் அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களை அகற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வந்த மாநிலம் இது. பகுத்தறிவாளர் கேட்கும் கேள்வி நேரானது: விரலைக் காப்பது பொட்டா, பிரஸ்ஸில் மாட்டும் தடுப்புக் கம்பியா? தடுப்புக் கம்பிதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும் பிரஸ்ஸை வாங்கப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பூஜைக்குப் பந்தல் போடுகிற முதலாளி பக்திமான் அல்ல, பாவம் செய்கிறவர். ஆனால் பொட்டு வைப்பவர்கள் அதைத் தடுப்புக்குப் பதிலாக வைப்பதாக நினைப்பது அவர்களைக் குறைத்து எடைபோடுவது. ஹெல்மெட் போட்டுக்கொண்டே முனியப்பனைக் கும்பிடுகிறவர் இரண்டுக்கும் வேலை வேறு என்று தெரிந்தவர். அந்த ஒரு நாளில்தான் பல பட்டறைகளில் எந்திரத்தின் மூடி முழுதாகத் திறக்கப்படுகிறது, தேய்ந்த பெல்ட்டும் தளர்ந்த போல்ட்டும் கண்ணில் படுகின்றன. இது விரலை எடுக்கக்கூடிய பொருள் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு முறை ஒப்புக்கொள்கிறார்கள். பாதுகாப்புப் பயிற்சி இதைவிட நன்றாகச் செய்யும் இடங்களில் செய்யட்டும். அந்தப் பயிற்சியே எட்டிப் பார்க்காத பட்டறைகள் இந்தத் தெருக்களில் நிறைய உண்டு.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. ஆபத்து உள்ள இடத்தில் சாமி என்றால், தூசியே இல்லாத குளிர் அறையில் மின்னணுப் பாகம் கோக்கும் இன்றைய ஆலைகளில் அது தேவைப்படாதே என்று கேட்கலாம். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்திருக்கிறது. ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. அங்கே கை துண்டாகும் அச்சம் இல்லைதான். ஒப்பந்தம் எப்போது முடியும், ஆர்டர் குறைந்தால் யாரை முதலில் அனுப்புவார்கள் என்ற அச்சம் இருக்கிறது. வீட்டை விட்டு வெகு தூரம் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு இது சின்ன ஆபத்து அல்ல. விடுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய சின்னப் படம் அவள் கோயில். கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் செப்டம்பர் 17ஆம் தேதி வாக்கில் விஸ்வகர்மா பூஜை செய்கிறார்கள். சில வாரங்களில் உள்ளூர்க்காரர்களின் ஆயுத பூஜை வருகிறது. இரண்டிலும் எந்திரத்துக்குத்தான் பூ. பேச்சு புரியாதவர்களுக்கும் இது புரிந்துவிடுகிறது.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது: இந்த வழிபாடு உண்மையில் எல்லோருக்கும் பொதுவானதா? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மெக்கானிக் பட்டறைகளிலும் லாரித் தொழிலிலும் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பூஜையன்று அவர்களும் எந்திரம் துடைக்கிறார்கள், பொரிப் பொட்டலம் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஆரத்தியைத் தொட்டுக்கொள்ள விரும்பாதவர் ஒதுங்கி நிற்க முழு உரிமை உண்டு, அவர் போனஸ் கவரும் மரியாதையும் குறையவே கூடாது. சாதி விஷயம் இதைவிடக் கடினம். வேடியப்பன் கல்லும் மாரியம்மன் கோயிலும் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டால் அது பொய். இந்த மாவட்டக் கிராமங்களில் தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்பதில் இன்னும் சாதி இருக்கிறது. பட்டறைப் பூஜை இந்த இடத்தில் கொஞ்சம் மேலானது என்பது என் கணிப்பு. அங்கே பூசாரி வேண்டியதில்லை, எந்திரத்தை ஓட்டுகிறவரே பொட்டு வைக்கிறார், அவர் என்ன சாதி என்று பிரஸ் கேட்பதில்லை. ஊர்க் கோயில் தராத ஒன்றை வேலைத்தளம் தருகிறது. அதற்காக ஊர்க் கோயிலின் கணக்கு தீர்ந்துவிடவில்லை.

பாலியோடு ஒப்பிடும்போது ஓசூர் தோற்கும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பாலியில் சுபக் என்னும் பாசனக் கூட்டமைப்புகள் தண்ணீர்க் கோயில்களைச் சுற்றி அமைந்தவை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எப்போது தரிசு என்று கோயில் நாட்களை வைத்தே ஊர்கள் பேசி முடிவு செய்கின்றன. 1970களில் பசுமைப் புரட்சிக்காரர்கள் அந்த அட்டவணையைத் தள்ளிவிட்டு ஓயாமல் நெல் போடச் சொன்னபோது பூச்சி பெருகி விளைச்சல் சரிந்ததை ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் விளக்கிக் காட்டினார். 2012இல் யுனெஸ்கோ அந்த அமைப்பை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. இங்கே நம் தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூருக்கு வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் வெள்ளை நுரை பொங்கிப் பாலத்தை மூடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம். ஆடிப்பெருக்கன்று அதே ஆற்றுக்கு மஞ்சளும் காதோலை கருகமணியும் விடுகிறோம். எந்திரத்தைத் துடைத்துவிட்டுத்தான் பொட்டு வைக்க வேண்டும் என்று தெரிந்த ஊர், ஆற்றை மட்டும் துடைக்காமல் கும்பிடுகிறது. கழிவு வேறு மாநிலத்திலிருந்து வருகிறது என்பது பாதி உண்மைதான். நம் ஆலைகளும் நம் சாக்கடைகளும் மீதி.

இந்த வழியாகப் பயணம் போக நினைக்கும் நேயர்கள் பங்குனித் தேருக்கோ ஆயுத பூஜைக்கோ போங்கள். தேரோட்டம் மார்ச் மாத வாக்கில் வரும், அப்போது வெயிலும் தாங்கும்படி இருக்கும். பட்டறைகளில் கேட்டுவிட்டு உள்ளே போனால் சுண்டல் தராமல் அனுப்ப மாட்டார்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடைத்த பூசணிக்காய் தார்ச் சாலையில் கிடந்தால், இரண்டு சக்கர வண்டிக்காரருக்கு அது எண்ணெய் கொட்டியதற்குச் சமம். இரண்டாவது ஷிப்ட் முடிந்து இரவில் வருகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. வாசலுக்கு உள்பக்கமாக, மண் தரையில் உடையுங்கள். சாலையில்தான் உடைப்போம் என்றால், கற்பூரம் அணைந்ததும் ஒருவர் நின்று துண்டுகளை அள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.